பட்டம் மீண்டால் பாவம் தீருமா?

வீழ்ந்த குத்துச்சண்டை வீரர் மறுபடி பட்டம் வென்றால், அவர் மீட்சி பெற்றுவிட்டார் என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். தோல்வி வேறு, குற்றம் வேறு என்பது அந்த எழுத்தில் மறைந்துபோகிறது. தோல்வியை மேடையிலேயே ஈடுகட்டலாம். குற்றத்தைத் தீர்க்க மேடைக்கு அதிகாரம் உண்டா என்பதுதான் சமயம் எழுப்பும் கேள்வி.

ஜார்ஜ் ஃபோர்மன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1973இல் ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றுக்குள் ஆறு முறை வீழ்த்தி உலக ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் முகமது அலி அவரை எட்டாவது சுற்றில் சாய்த்தார். 1977இல் போர்ட்டோ ரிக்கோவில் ஜிம்மி யங்கிடமும் தோற்று உடைமாற்றும் அறைக்குத் திரும்பியபோது, சாவைத் தொட்டுக் கடவுளிடம் வந்ததாக அவர் சொன்னார். வெப்பமும் களைப்பும் சேர்ந்த மயக்கம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். எப்படியானாலும் விளைவு மெய்யானது: ஹூஸ்டனில் போதகரானார், பத்தாண்டுகள் மேடை ஏறவில்லை.

1987இல் திரும்பி வந்ததற்குக் காரணம் புகழாசை என்பதைவிடப் பணத்தேவை. அவர் நடத்திய இளைஞர் மையத்துக்கு நிதி வேண்டியிருந்தது. 1994 நவம்பர் 5 அன்று, 45 வயதில், கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்புக் கால்சட்டையுடன், 26 வயது மைக்கேல் மூரரை எதிர்கொண்டார். ஒன்பது சுற்றுகள் பின்தங்கிக் கிடந்தவர், பத்தாவதில் ஒரு வலக்கைக் குத்தில் ஆட்டத்தை முடித்தார். உலகம் இதை மீட்சி என்றது. அவருடைய சமயத்தின்படியோ மீட்பு 1977இல், தோற்ற இரவிலேயே கிடைத்துவிட்டது. கிறிஸ்தவத்தில் இரட்சிப்பு அருளால் வருவது. வெற்றிக்குக் கொடுக்கும் கூலி அல்ல.

மைக் டைசன் கதை இவ்வளவு எளிதல்ல. 1986இல், 20 வயதில், மிக இளைய ஹெவிவெயிட் சாம்பியன். 1992இல் பாலியல் வன்முறை வழக்கில் சிறை. வெளியே வந்து 1996இல் மீண்டும் பட்டம். 1997இல் இவாண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்து உரிமத்தை இழந்தார். திரும்பக் கிடைத்த பட்டம் அவரிடம் எதையும் மாற்றவில்லை.

சைவ மரபு இந்த இடத்தில் கறாரானது. சென்னைக் குத்துச்சண்டையின் தாய்நிலமான வடசென்னையில்தான் திருவொற்றியூர் இருக்கிறது. அங்கே மகிழ மரத்தடியில், சங்கிலியாரைப் பிரியேன் என்று ஆணையிட்ட சுந்தரர் அதை மீறியதும் பார்வையிழந்தார் என்கிறது பெரியபுராணம். தோழன் என்பதற்காக இறைவன் தண்டனையைத் தள்ளுபடி செய்யவில்லை. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். வழிநடந்து, துன்பப்பட்டு, பாடிப் புலம்பித்தான் பார்வை திரும்புகிறது.

அதே சுந்தரர்தான் பின்னர் அவிநாசியில், முதலை விழுங்கிய பிள்ளையை மீட்டுத் தருகிறார். அந்தப் பிள்ளை இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு கரையேறுகிறான். ஃபோர்மனுக்குப் போன ஆண்டுகள் அப்படித் திரும்பவில்லை. முதிர்ந்து கனத்த உடம்போடுதான் அவர் வென்றார். ஆனால் புராணம் அழுத்திச் சொல்வது வேறொன்று: தவறிழைத்துத் தண்டனை பெற்றவரும் பிறர் துயரைத் தீர்க்கும் தகுதியை இழப்பதில்லை. இந்த அளவுகோலில் 1994 பட்டத்தைவிட ஹூஸ்டன் இளைஞர் மையமே பெரிய சான்று.

டைசன் ஹோலிஃபீல்டிடம் 2009இல் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டார், அவரும் ஏற்றுக்கொண்டார். அந்தக் கடன் தீர்ந்தது. 1992 வழக்கின் குற்றத்தையோ அவர் தொடர்ந்து மறுத்தே வந்திருக்கிறார். இரு மரபுகளின் கணக்கிலும் அந்த ஏடு இன்னும் மூடப்படவில்லை.