விலகச் சொல்ல இடமில்லாத ரயில்

காசியில் கங்கைக்குப் போகும் வழியில், எதிரே வந்த ஒரு சண்டாளரை ஆதிசங்கரர் விலகிப் போகச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. எதை விலகச் சொல்கிறீர், சோற்றால் ஆன இந்த உடம்பையா, எல்லாருக்குள்ளும் ஒன்றாகவே இருக்கும் அறிவையா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். விடை சொல்ல முடியாத சங்கரர் அவரை வணங்கினார் என்றும், மனீஷா பஞ்சகம் என்ற அவருடைய பாடல் அப்போதுதான் பிறந்தது என்றும் மரபு சொல்கிறது. ஆனால் இந்தக் கதையைப் பக்தியோடு சொல்லிவந்த ஊர்களின் தெருக்களில் விலகச் சொல்வது நிற்கவில்லை. வாதத்தில் தோற்றுப்போன ஒரு வழக்கம் வாழ்க்கையில் நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தது. கொள்கையால் ஆகாத காரியத்தை வெறும் கூட்டம் செய்துவிடுமா என்று கேட்கத் தோன்றுவது அதனால்தான். மும்பையின் புறநகர் ரயிலில் உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள். அந்த நெரிசலுக்கு ‘சூப்பர் டென்ஸ் கிரஷ் லோட்’ என்று தனிப் பெயரே இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் விலகச் சொல்ல முடியாது. சொன்னாலும் விலக இடமில்லை. இப்படி வேறு வழியின்றி நேரும் தொடுகைக்கு அறத்தில் மதிப்பு உண்டா? உண்டு என்பது என் கட்சி. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எனக்குப் போதவில்லை.

வழக்கமான காரணம் மார்க்ஸ் காலத்திலிருந்து வருவது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கிலோமீட்டர் தூரம் பயணிகள் ரயில் ஓடியது. அதே ஆண்டில் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில், ரயில் கொண்டுவரும் தொழில்துறை சாதியைத் தாங்கும் பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எழுதினார். தொழில்துறை வந்தது. பரேலிலும் லால்பாகிலும் மில்கள் எழுந்தன. 1925இல் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மேற்கு, மத்திய, ஹார்பர் வழிகளாகப் பெருகிய அந்த ரயில், கொரோனாவுக்கு முன்பு நாளொன்றுக்குச் சுமார் 75 லட்சம் பேரைச் சுமந்தது. சாதி மட்டும் மில்லுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. தறியின் நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்களைச் சேர்க்க மற்றவர்கள் மறுத்தார்கள். 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை எழுப்பிய பிறகுதான் தொழிற்சங்கத் தலைவர்களின் காதில் அது விழுந்தது. ரயில் நிலையங்களும் தப்பவில்லை. இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனியே ஊற்றினார்கள். தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது; பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் அது நீங்கியது. பெட்டியைக் கட்டணத்தால் பிரித்த ரயில்வே அதைச் சாதியால் பிரிக்கவில்லை என்பது மெய். ஆனால் பெட்டிக்கு வெளியே, வாயும் வயிறும் சம்பந்தப்பட்ட இடங்களிலெல்லாம் கோடு அழியாமல் இருந்தது.

இதற்கு வைதீகத்திடம் ஆயத்தமான ஒரு விளக்கம் உண்டு. தெய்வ ஊர்வலம், திருமணம், வேள்வி, திருவிழா ஆகியவற்றில் நேரும் தீண்டல் தீட்டாகாது என்று அத்ரி ஸ்மிருதி விலக்கு அளிக்கிறது. தேர் இழுக்கும்போது யார் தோள் யார்மேல் பட்டது என்று பார்க்க வேண்டாம். தேர் நிலைக்கு வந்ததும் பழைய விதி மீண்டும் ஏறிக்கொள்ளும். ரயிலையும் இந்த விலக்குக்குள் அடைத்துவிடலாம் என்பது வலுவான மறுப்பு. சர்ச்கேட்டில் ஏறும்போது கழற்றிய சாதியை விராரில் இறங்கும்போது மாட்டிக்கொள்ளலாம் அல்லவா? ஆண்டுக்கு ஒருமுறை வரும் விலக்கு விதியைக் காப்பாற்றும். ஆனால் நாள்தோறும் காலையும் மாலையும், தாத்தா காலம் தொட்டுப் பேரன் காலம் வரை நீளும் விலக்கைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியுமா? தீட்டு என்பது நம்பிக்கை மட்டுமல்ல. தீட்டுப்பட்டால் குளிக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று அது ஒரு செயல்முறை. அலுவலகத்துக்கு ஒன்பதரைக்குள் போய்ச் சேர வேண்டியவரால் அந்தச் செயல்முறையைக் காக்க முடியாது. யாரும் மறுத்துப் பேசாமலே, யாரும் மனம் திருந்தாமலே, பொதுவெளியில் உடம்பின் தீட்டு என்ற ஒன்று செய்ய முடியாததாகிப் போயிற்று. மனம் மாறாமல் நடந்த மாற்றம் என்பதற்காக அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஒதுக்கப்பட்டவருக்கு முதலில் வேண்டியிருந்தது நிற்க ஓர் இடம். மற்றவரின் மனமாற்றத்துக்காக அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே அம்பேத்கரே குறுக்கே வருகிறார். பக்கத்தில் பக்கத்தில் வாழ்வதாலேயே மனிதர்கள் ஒரு சமூகமாகிவிடுவதில்லை என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் அவர் வாதிட்டார். பொதுவான செயலில் பங்கு வேண்டும், ஒருவர் வாழ்க்கை மற்றவர் வாழ்க்கைக்குள் ஊடுருவ வேண்டும், அதுவே சகோதரத்துவம் என்றார். அவர் சொன்னது சரி. லோக்கல் ரயிலில் சகோதரத்துவம் இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. ஆனால் அவர் தம் வாழ்க்கையிலிருந்தே எழுதிவைத்த நிகழ்ச்சி ஒன்று, ரயில் எதைக் கொடுத்தது என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறது. 1901இல், சிறுவனாக, கோரேகாவில் வேலையிலிருந்த தந்தையைப் பார்க்க குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளோடு ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார். நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளிடம் நிலைய அதிகாரி பரிவோடுதான் பேசினார். நீங்கள் யார் என்று கேட்டு, மகர் சாதி என்ற விடை வந்ததும் பின்வாங்கினார். மாட்டுவண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். இரட்டைக் கூலி தந்து, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டுவது என்ற நிபந்தனையில்தான் ஒருவர் இசைந்தார். இதில் ரயிலுக்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ரயில் சீட்டை மட்டும் கேட்டது. வண்டி, நீ யார் என்று கேட்டது. 1929இல் சாலிஸ்காவில் டோங்கா என்னும் குதிரைவண்டி ஓட்டுபவர்கள் அம்பேத்கரை ஏற்றிச் செல்ல மறுத்ததும், வண்டியோட்டிப் பழகாத ஒருவர் ஓட்டிய டோங்காவிலிருந்து விழுந்து அவர் கால் முறிந்ததும் ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான். அப்போது அவர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய பாரிஸ்டர். அந்தக் கேள்விக்கு முன் படிப்பு ஒன்றும் செய்யவில்லை.

ஆகவே ரயில் தரும் நன்மையை அன்பு என்றோ ஒற்றுமை என்றோ அழைக்காமல், ‘நீ யார்’ என்ற கேள்விக்கு விடை சொல்லாமலே ஓர் இடத்தில் நிற்கும் உரிமை என்று சொல்வேன். சகோதரத்துவத்துக்கு ஒருவரை ஒருவர் அறிய வேண்டும். ஆனால் அறிவதே ஆயுதமாக இருக்கும் சமூகத்தில், அறியப்படாமல் இருப்பது அதற்கு முந்திய தேவை. தாராவியின் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சாதிக் கொடுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி அங்கே போய்ச் சேர்ந்தவர்களில் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் தெருவின் பெயரே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. 1960களில் சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராகக் கிளம்பியபோது, பேச்சு காட்டிக்கொடுத்தது. 1992–93 இந்து–முஸ்லிம் கலவர நாட்களில் பெயரைக் கேட்பதே உயிரைக் கேட்பதாயிற்று. இன்றும் மும்பையில் வாடகைக்கு வீடு தேடுபவரிடம் குடும்பப் பெயரும் சாப்பாட்டு வழக்கமும் விசாரிக்கப்படுகின்றன. மாஹிமிலோ சயானிலோ ஏறுபவரிடம் அதை யாரும் விசாரிப்பதில்லை.

இந்தச் சமத்துவம் மூட்டைகளுக்கு இடையிலுள்ள சமத்துவம் என்று ஒருவர் சொல்லலாம். மறுப்புகளில் என்னை மிகவும் தைப்பது இதுதான். பல ஆண்டுகளாக இந்த வழித்தடங்களில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்களும் வாசலில் தொங்கி விழுந்தவர்களும் இவர்களில் அதிகம். 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டோன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைபாலத்தில் 23 பேர் நசுங்கி இறந்தார்கள். 2025 ஜூனில் மும்ப்ரா வளைவில், எதிரெதிரே கடந்த இரண்டு ரயில்களின் படிகளில் தொங்கியவர்கள் தடத்தில் விழுந்தார்கள். இதை விதியென்றோ மும்பையின் துணிச்சலென்றோ போற்றுவது பாவம். ஆனால் இந்த மறுப்பு நெரிசலைக் கண்டிக்கிறதே தவிர, கேட்காமல் இடம் விடும் வழக்கத்தைக் கண்டிக்கவில்லை. நெரிசல் குறைந்தால் கேள்வி திரும்பி வந்துவிடுமோ என்று அஞ்சலாம். கூட்டம் குறைந்த பிற்பகல் வண்டியில், உட்கார இடமிருக்கும்போதும், பக்கத்தில் அமர்பவரின் சாதி கேட்கப்படுவதில்லை. வழக்கம் தன்னைப் பெற்ற நெருக்கடியைத் தாண்டி நின்றுவிட்டது. அதனால் கூடுதல் ரயிலும் அகலமான பாலமும் கேட்பவர் இந்த நன்மையை இழக்கப்போவதில்லை.

பெயர் தெரியாத கூட்டம் இரக்கமற்றது என்று சொல்பவர்கள் 2006 ஜூலை 11ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். மேற்கு வழியில் சில நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தபோது, தண்டவாளத்தோரம் குடியிருந்தவர்கள் தங்கள் போர்வைகளில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றார்கள். யாரென்று கேட்டுத் தூக்கவில்லை.

என்னை உறுத்தும் இன்னொன்று ரயிலுக்குள்ளேயே உருவாகும் உறவு. தினமும் ஒரே வண்டியில் போகிறவர்கள் குழுவாகிறார்கள். பெட்டியின் ஒரு மூலையில் தாளம் தட்டி விட்டலனைப் பாடுகிறார்கள். தசரா அன்று வண்டிக்கு மாலை போட்டுப் பூசை செய்கிறார்கள். அம்பேத்கர் கேட்ட பொதுச் செயலுக்கு ரயிலில் மிக அருகே வருவது இந்தப் பஜனைதான். அங்கேயே ‘நம்ம ஆள்’ என்ற சொல்லும் முளைக்கிறது. இடம் பிடித்து வைக்கிறார்கள், புதிதாக ஏறுபவரை முறைக்கிறார்கள். பண்டரிபுரத்துப் பாதயாத்திரையில் சேர்ந்து பாடி நடந்தவர்கள் சாப்பாட்டு வேளையில் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்ததை மானிடவியலாளர் இராவதி கார்வே வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். பக்தியால் மனிதர்களைச் சேர்க்கவும் முடிகிறது, சேர்ந்தவர்களைச் சுற்றி வேலி கட்டவும் முடிகிறது. முன்பின் அறியாதவர்களின் கூட்டம் அந்த வேலியைக் கட்டுவதில்லை. இந்த ஓர் அளவில் அறியாமையின் அறம் அறிமுகத்தின் அறத்தைவிட மேலானது என்று துணிந்து சொல்வேன்.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. அது டிசம்பர் 6 அன்று தாதரில் தெரிகிறது. அம்பேத்கரின் நினைவு நாளில் அவருடைய நினைவிடமான சைத்யபூமிக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். விநாயகரைக் கரைக்கும் நாளுக்குப் போலவே ரயில்வே அன்றும் சிறப்பு வண்டிகள் விடுகிறது. லால்பாகின் விநாயகர் கூட்டத்தைப் பக்தி என்று பொறுத்துக்கொள்பவர்களில் சிலர், இந்தக் கூட்டத்தைப் பற்றி மட்டும் அழுக்கு, இரைச்சல், டிக்கெட் இல்லாதவர்கள் என்று ஆண்டுதோறும் முணுமுணுக்கிறார்கள். மற்ற நாளில் அந்தக் கூட்டத்தில் ஒருவர் தனியாக ஏறினால் அவருக்கு யாரென்று கேட்காமல் இடம் கிடைக்கிறது. நீலக்கொடியோடு, தாம் யார் என்பதைத் தாமே மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டு ஏறும்போது சிலருடைய முகம் சுளிக்கிறது. கேட்கப்படாமல் இருக்கும் உரிமையை ரயில் கொடுத்திருக்கிறது. கேட்காமலே சொல்லிக்கொள்ளும் உரிமை அந்த ஒரு நாளில்கூட இன்னும் அவர்களுக்கு முழுதாக வரவில்லை.