மெட்டுகளுக்கு இடையே ஓர் அழுகை

மார்கழியில் திருவண்ணாமலைக்கு வந்து, கிரிவலப் பாதையை ஒட்டிய சிறு வீடுகளில் தங்கி, மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் புறப்பட்டுப் போய்விடும் வெளிநாட்டினரை நம் வாசகர்கள் அறிவர். அவர்களுள் ஒருவர், தச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கர், ஞாயிறுதோறும் நம் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்வார். மூன்று ஆண்டுகளுக்கு முன், சாம்பல் புதனுக்கு மறுநாள் விடைபெற வந்தவர், தம் கித்தாரைப் பங்கு இல்லத்து நாற்காலியின்மேல் சாய்த்து வைத்தார். "விமானத்தில் ஏற்றினால் கழுத்து முறிந்துவிடும், ஃபாதர். உங்களிடமே இருக்கட்டும்" என்றார். அதற்கு முந்தைய மூன்று வாரங்களாக, மாலைச் செபத்துக்குப் பின் அவர் எனக்கு ஒரு வாசிப்பு முறையைக் கற்றுத் தந்திருந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசையில், தந்திகளின்மேல் கண்ணாடிக் குழலை வழுக்கிச் செல்லவிட்டு வாசிக்கும் முறை அது.

ஐம்பது வயதைக் கடந்த ஒரு பங்குக் குருவுக்கு இது தேவையா என்று கேட்போர் கேட்கலாம். என் சமையற்காரர் கேட்டும்விட்டார். குருமடத்தில் ஆர்மோனியம் பழகியதோடு என் இசைக் கல்வி நின்று போயிருந்தது. விட்ட இடத்தில் தொடர வேண்டும் என்ற ஆசைதான் முதற் காரணம். அந்த ஆசை என்னை வேறோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

முதலில் அந்த முறையை விளக்கிவிடுகிறேன். பொதுவாகக் கித்தாரின் ஆறு தந்திகளையும் விரல் வைக்காமல் மீட்டினால் அவை ஒன்றோடொன்று முழுமையாக இசைவதில்லை. என் ஆசிரியர் செய்தது, நான்கு தந்திகளின் பிருடைகளைத் திருகி அவற்றைத் தளர்த்தியதுதான். அவ்வளவில் ஆறு தந்திகளும் நம் கணக்கில் ச, ப, ச, க, ப, ச என்று நின்றன. ஒரு விரலும் படாமலே கித்தார் முழுதும் ஒரே நாதமாக ஒலித்தது. இதற்குத் 'திறந்த சுருதி' என்று பெயர். பிறகு சுண்டு விரலில் கண்ணாடிக் குழலை மாட்டிக்கொள்ள வேண்டும். குழலைத் தந்தியின்மேல் அழுத்தக் கூடாது. அழுத்தினால் தந்தி மெட்டில் மோதிக் கரகரக்கும். தொட்டும் தொடாமலும் வைக்க வேண்டும். சாதாரண வாசிப்பில் விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னால் வைப்போம், மெட்டு சுருதியைப் பார்த்துக்கொள்ளும். இங்கோ குழல் மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். ஒரு நூல் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் அபசுரம். குழலுக்குப் பின்னால் மற்ற விரல்களைத் தந்தியின்மேல் மெல்லப் படரவிட்டு, வேண்டாத அதிர்வுகளை அடக்கவும் வேண்டும். முதல் மாதத்திலேயே என் கண்ணாடிக் குழல் தரையில் விழுந்து உடைந்தது. லேத் பட்டறை ஒன்றில் பித்தளைக் குழாயை விரலளவுக்கு வெட்டி, விளிம்பை மழுக்கி வாங்கிக்கொண்டேன்.

இது நமக்கு அந்நியமான வித்தை என்று எண்ண வேண்டியதில்லை. தஞ்சை மண்ணின் கோட்டு வாத்தியம் இதே நெறியில் அமைந்ததுதான். மெட்டுகளே இல்லாத அதன் தந்திகளின் மீது கருங்காலி உருளையை நகர்த்தி அதை வாசிப்பர். திருவிடைமருதூர் சகாராம ராவ் அதற்குப் புத்துயிர் அளித்தார். செம்மங்குடி சீனிவாச ஐயரும் அவரிடம் பயின்றவரே. இந்த இரு மரபுகளும் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயத்தில் ஒருமுறை சந்தித்தன என்பது நம் வாசகர்க்கு மகிழ்ச்சி தரலாம். 1992 செப்டம்பரில், கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரில், பிரான்சிஸ்கன் சபையாரின் புனித அந்தோனியார் குருமடத்துச் சிற்றாலயத்தில், ராஜஸ்தானின் விசுவ மோகன் பட்டும் அமெரிக்கரான ரை கூடரும் அமர்ந்து வாசித்தார்கள். இருவரும் அன்றுதான் முதன்முறையாகச் சந்தித்தவர்கள். ஒத்திகை எதுவும் இல்லை. அதை ஒலிப்பதிவு செய்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர் இலங்கையில் பிறந்தவர். அந்த இசைத்தட்டு 1994ஆம் ஆண்டு கிராமி விருது பெற்றது.

என் ஆசிரியர் கற்றுத் தர முயன்று தோற்றது ஒரே ஒரு சுரத்தில்தான். முதல் தந்தியின் மூன்றாம் மெட்டில் சாதாரண காந்தாரம் இருக்கிறது, நான்காம் மெட்டில் அந்தர காந்தாரம். புளூஸ் பாடுவோர் வேண்டும் காந்தாரம் இவ்விரண்டுக்கும் நடுவே, மெட்டே இல்லாத இடத்தில் இருக்கிறது. குழல் அங்கே போய் நிற்கவும் கூடாது. ஏறி, தயங்கி, கீழே வழிய வேண்டும். நான் வாசித்தால் அது சுருதி தவறிய அந்தர காந்தாரமாகவே கேட்டது. "நீங்கள் சரியான சுரத்தைத் தேடுகிறீர்கள், ஃபாதர். அது சுரமல்ல, அழுகை" என்றார் அவர்.

அவர் எனக்குக் கேட்கத் தந்த பதிவு ஒன்று உண்டு. டெக்சாஸைச் சேர்ந்த பிளைண்ட் வில்லி ஜான்சன், சிறு வயதிலேயே பார்வை இழந்தவர், தெருவிலும் கோவில்களிலும் பக்திப் பாடல்களை மட்டுமே பாடி வாழ்ந்தவர். 1927 டிசம்பர் 3ஆம் நாள் டல்லாஸ் நகரில் அவர் பதிவு செய்த பாட்டு அது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில மதகுருவான தாமஸ் ஹாவெயிஸ், கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் பட்ட வேதனையைப் பற்றி எழுதிய ஞானப்பாடலிலிருந்து அதன் தலைப்பு வந்தது. ஆனால் ஜான்சனின் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. முனகல் மட்டுமே உண்டு. குரல் முனகுகிறது, கித்தார் அதே முனகலை வாங்கித் திருப்பித் தருகிறது. பாட்டுப் புத்தகம் வாங்க வழியற்ற கறுப்பின ஏழைச் சபைகளில் தலைவர் ஓர் அடியைச் சொல்ல, மக்கள் அதை நீட்டி இழுத்துப் பாடுவார்களாம். நம் கிளைக் கிராமங்களில் உபதேசியார் சொல்லச் சொல்லப் பாடிய முதியோரை நினைத்துக்கொண்டேன். ஜான்சன் 1945ஆம் ஆண்டு வறுமையில் இறந்தார். 1977ஆம் ஆண்டு விண்ணுக்கு அனுப்பப்பட்ட இரு வாயேஜர் கலங்களிலும் உள்ள தங்க இசைத்தட்டில் அவருடைய அந்த முனகல் இருக்கிறது. இன்று அது சூரியனின் ஆட்சி எல்லையைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது.

அதைக் கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் வியப்பன்று. அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டு, நிறுத்தச் சொல்லியும் இருக்கிறேன்.

2001ஆம் ஆண்டு. குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், ஒரு பங்கின் கிளைக் கிராமம் ஒன்றுக்கு அடக்கத் திருப்பலிக்குச் சென்றேன். கிணறு வெட்டும் வேலையில் மண் சரிந்து இறந்த இருபது வயது இளைஞன். தாய் அவன் தலைமாட்டில் அமர்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றி, குனிந்து, அவர் விட்ட இடத்தில் எடுத்துப் பாடினர். வாசலில் பறை ஒலித்தது. நான் வெண்ணிற மேலாடையோடு வாசற்படியில் நின்று சொன்னேன்: "அம்மா, நிறுத்துங்கள். நாம் நம்பிக்கை இல்லாதவர்கள் அல்ல. இது அஞ்ஞானிகளின் பழக்கம்." அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். திருப்பலி அமைதியாக நடந்தது. கிறிஸ்துவின் உயிர்ப்பைப் பற்றி நல்லதொரு மறையுரை ஆற்றினேன் என்றே அன்று நினைத்தேன்.

என் பக்கம் சான்றுகள் இல்லாமல் இல்லை. தெசலோனிக்கருக்கு எழுதிய பவுலடியார் எதிர்நோக்கு இல்லாத மற்றவரைப் போலத் துயருற வேண்டாம் என்கிறார். யாயிரின் வீட்டில் குழலூதுவோரையும் ஓலமிட்ட கூட்டத்தையும் ஆண்டவரே வெளியேற்றினார். கூலிக்கு மாரடிப்போரை அழைக்கும் வழக்கத்தைப் புனித கிறிசோஸ்தோம் கடுமையாகச் சாடினார். இவையெல்லாம் குருமடக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே உள்ளன. ஆனால் வாசித்ததை நாம் எப்படிப் பாதியாக்கிக்கொள்கிறோம் பாருங்கள். பவுலடியார் துயரப்படவே கூடாது என்று சொல்லவில்லை. மற்றவரைப் போல வேண்டாம் என்றுதான் சொன்னார். யாயிரின் வீட்டில் ஆண்டவர் கூட்டத்தை அனுப்பியது, அடுத்த நொடியில் சிறுமியை எழுப்பித் தாயின் கையில் தருவதற்காக. அன்று நான் அந்தத் தாய்க்கு எதைத் திருப்பித் தந்தேன்? பெத்தானியாவில் அழுத மரியாவை அவர் அடக்கவில்லை. தாமும் கண்ணீர் விட்டார். இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அழுதார் என்பதே இங்கு நாம் நின்று கவனிக்க வேண்டியது. எதிர்நோக்கு கண்ணீருக்கு மாற்று என்றால் அவர் அழுதிருக்கத் தேவையில்லை.

புனித அகுஸ்தினார் தம் தாய் மோனிக்கா இறந்ததைத் தம் 'அறிக்கைகள்' நூலின் ஒன்பதாம் பகுதியில் விவரிக்கிறார். மூச்சு நின்றதும் சிறுவன் அதேயோதாத்துஸ் வாய்விட்டு அழுகிறான். சூழ இருந்தோர் அவனை அடக்குகிறார்கள். கிறிஸ்தவ மரணத்துக்கு அழுகை பொருந்தாது என்பது அவர்கள் எண்ணம். அகுஸ்தினாரும் அடக்கத்தில் அழாமல் நிற்கிறார், குளிக்கப் போய்ப் பார்க்கிறார், பாரம் இறங்கவில்லை. உறங்கி எழுந்து, தனிமையில், இறைவன் முன் மட்டும், கட்டி வைத்த கண்ணீரை விட்டுவிடுகிறார். திருச்சபையின் மாபெரும் மறைவல்லுநருக்கு மறுநாள் புரிந்தது, அந்தச் சிறுவனுக்கு அந்த நொடியிலேயே தெரிந்திருந்தது. புனித தாமஸ் அக்குவினாவும் உள்ளே அடைத்து வைத்த வேதனை அதிகமாக வருத்தும் என்றும், கண்ணீர் அதை வெளியே சிதறவிடும் என்றும் எழுதினார். கூடவே உறக்கத்தையும் குளியலையும் அவர் மருந்தாகச் சொல்வது, எளிய மனிதர்க்கு உகந்த இறையியல்!

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு 1963இல் வெளிவந்தது. அதன் 81ஆம் பத்தியில் அடக்கச் சடங்கைப் பற்றி இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்கா இயல்பு தெளிவாக வெளிப்பட வேண்டும். மற்றொன்று, அந்தந்த நாட்டின் சூழலுக்கும் மரபுக்கும் சடங்கு இன்னும் பொருந்த வேண்டும். இரண்டும் ஒரே பத்தியில்தான் இருக்கின்றன. முதற் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியின் வாயை அடைத்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மிசிசிப்பியின் பருத்திக் காட்டிலிருந்து எழுந்த அழுகை எனக்குக் கலையாக வந்து சேர்ந்தது. அதற்காகப் பித்தளைக் குழல் செய்தேன், தந்தி மாற்றினேன், மாதக்கணக்கில் பழகினேன். அந்த இசையின் பெரும் பாடகர்களுள் ஒருவரான சன் ஹவுஸ், இளமையில் சபைப் போதகராக இருந்து, கித்தாரைத் தொடுவதே பாவம் என்று கருதியவர் என்பதை வாசித்து இரக்கத்தோடு சிரித்தேன். ஆனால் வாழைத் தோட்டத்துக்கும் கல்லுடைக்கும் குழிக்கும் போய் வந்த நம் ஊர்ப் பெண்ணின் அழுகை, அதே மெட்டில்லாத காந்தாரத்தில் என் காதருகே எழுந்தபோது, அது எனக்கு அஞ்ஞானமாகத் தெரிந்தது. கடல் கடந்து வந்தால்தான் துயரம் நமக்கு இசையாகுமா? அந்தப் பெண்கள் குடியிருந்த தெருவும், வாசலில் ஒலித்த பறையும் என் தீர்ப்பில் பங்கு பெறவில்லை என்று நெஞ்சில் கை வைத்து என்னால் சொல்ல இயலவில்லை.

ஒப்பாரி எல்லாம் உள்ளத்திலிருந்து எழுவது என்று நான் வாதிடவில்லை. பங்காளிப் பகையைப் பிணத்தருகே பாடித் தீர்ப்போரையும் கண்டிருக்கிறேன். ஆனால் வழக்கத்துக்காகச் செபமாலை சொல்வோரும் உண்டு. அதற்காக நாம் செபமாலையை நிறுத்தச் சொல்வதில்லையே.

சென்ற ஆண்டு அந்தத் தாய் இறந்த செய்தி வந்தது. அக்கிராமம் இப்போது என் பங்கில் இல்லை. அங்குள்ள குருவிடம் அனுமதி கேட்டு, அடக்கத்தை நானே நடத்தப் போனேன். தெருமுனையில் இறங்கியபோது அழுகுரல் ஏதும் கேட்கவில்லை. பந்தலில் ஒலிபெருக்கி ஒன்று பதிவு செய்த பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அதையும் நிறுத்தினார்கள். கண்ணாடிப் பெட்டியின் குளிர்விப்பான் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. பெண்களைப் பார்த்து, "ஒப்பாரி வைக்கவில்லையா?" என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சாமி வந்தா நிறுத்திடணும்னு எங்களுக்குத் தெரியும் சாமி" என்றார் ஒருவர், என்னைச் சமாதானப்படுத்தும் குரலில். நிறுத்த வேண்டாம், பாடுங்கள் என்றேன். "பாடத் தெரிஞ்சதே இவங்கதான்" என்று பெட்டியைக் காட்டினார் இன்னொருவர்.

சற்று நேரம் யாரும் அசையவில்லை. பிறகு சுவரோரம் அமர்ந்திருந்த மிக முதிய பெண்ணொருவர் தொடங்கினார். ஓர் அடி வந்தது. அடுத்த அடி நினைவுக்கு வரவில்லை போலும். சொல் இல்லாமலே ராகத்தை இழுத்தார். ஏறி, தயங்கி, கீழே வழிந்தது. பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் கை வைத்தார். உபதேசியார் தீர்த்தச் செம்போடு என் அருகே வந்து, நேரமாகிறது என்று சாடை காட்டினார். செபப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் முடிக்கும்வரை வாசற்படியிலேயே நின்றேன்.