காணாத உயிருக்கும் கடமையுண்டோ?

புதுவை மக்களுக்குக் கணவாய் புதிய பொருளன்று. கடம்பா என்றும் ஊசிக்கணவாய் என்றும் பெயர்பெற்று அது குபேர் அங்காடியின் மீன்கடைகளில் விலைபோகிறது. ஓட்டுக்கணவாயின் ஓட்டினைக் கடல்நுரை என்று சொல்லிச் சித்த மருத்துவர் மருந்தில் சேர்ப்பர். எட்டுக் கைகளையுடைய அதன் உறவினமாகிய ஆக்டோபசைத் தமிழகக் கடற்கரையில் பேய்க்கணவாய் என்றழைப்பர். ஒன்றைப் பயன் கொண்டும், மற்றொன்றை அச்சங்கொண்டும் அளப்பது மனிதனின் பழைய வழக்கம்.

மேனாட்டாரும் இதற்கு விலக்கல்லர். பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட, கடலில் உழைப்போரைப் பற்றிய புதினத்தில், ஆக்டோபசை அருவருப்பும் கொடுமையும் நிறைந்த அரக்க உயிராகத் தீட்டினார். ஆக்டோபசுக்கு இன்று பிரெஞ்சு மொழியில் வழங்கும் 'பியேவ்ர்' என்னும் சொல்லே அப்புதினத்தால் பரவியதுதான். செர்மானிய விலங்கியலார் கார்ல் சூன் 1903இல் ஆழ்கடலின் கருஞ்சிவப்பு உயிரொன்றுக்கு 'வாம்பைரோட்யூத்திஸ் இன்பெர்னாலிஸ்' என்று பெயர் சூட்டினார். நரகத்தின் இரத்தக் காட்டேரிக் கணவாய் என்பது அதன் பொருள். ஆனால் அது எவ்வுயிரின் இரத்தத்தையும் குடிப்பதில்லை. கடலின் மேற்பரப்பில் மடிந்த நுண்ணுயிர்களின் எச்சங்களும் கழிவுகளும் ஆழத்தை நோக்கி ஓயாமல் உதிர்கின்றன. இதனைக் கடற்பனி என்பர். மெல்லிய இழையொன்றை நீட்டி அத்துகள்களைச் சேர்த்து, சளியால் உருட்டி உண்டே அது வாழ்கிறது என்பதை 2012இல் ஆய்வாளர் வெளியிட்டனர். நாம் சூட்டிய பெயர் நம் அச்சத்தைக் காட்டிற்றேயன்றி அவ்வுயிரின் இயல்பைக் காட்டவில்லை.

கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் மான்டரே என்னும் கடலடிப் பள்ளத்தாக்கு உள்ளது. நம் உயர்மறைமாவட்டத்தின் பெயரில் இடம்பெற்ற புதுவை, கடலூர் நகரங்களுக்கு எதிரேயும் வங்கக் கடலடியில் இத்தகைய பள்ளத்தாக்குகள் உண்டு. மான்டரேயில் ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில், பாறையொன்றின் மேல் தன் முட்டைகளை அணைத்துக்கொண்டிருந்த ஆக்டோபஸ் ஒன்றை, ஆளில்லா ஊர்தியின் விளக்கொளியில் 2007 மே மாதம் ஆய்வாளர் கண்டனர். அந்நீரின் வெப்பநிலை 3 பாகை செல்சியஸ் மட்டுமே. மீண்டும் மீண்டும், மொத்தம் 18 முறை, அங்குச் சென்று பார்த்தனர். உடலின் தழும்புகளால் அதே தாய்தான் என்று அறிந்தனர். ஒருமுறையேனும் அது இரையுண்டதை அவர்கள் காணவில்லை. அருகில் வந்த நண்டுகளை அது தள்ளிவிட்டதேயன்றித் தின்னவில்லை. தோல் வெளிறித் தளர்ந்தது, கண்கள் மங்கின, முட்டைகளோ வளர்ந்தன. 2011 அக்டோபரில் தாய் அங்கில்லை. வெறும் முட்டைக்கூடுகளே எஞ்சியிருந்தன. 53 மாதங்கள் அது காத்திருந்தது. முட்டையை இவ்வளவு நீண்டகாலம் காத்த வேறோர் உயிரினத்தை அறிவியல் அதுவரை பதிவு செய்ததில்லை.

மறையுரை ஆற்றுவோருக்கு இச்செய்தி எளிதில் கைகொடுக்கும். தாயன்பின் உவமையாக இதனைச் சொன்னால் கேட்போர் உள்ளம் உருகும். ஆயினும் அவ்வாறு சொல்லத் தயக்கம் எழவேண்டும். குளிர்நீரில் கரு மெல்ல வளர்கிறது. ஆகவே காவலும் நீள்கிறது. பொதுவாக ஆக்டோபஸ் தாய் ஒரே முறை முட்டையிட்டு, குஞ்சு பொரிந்ததும் மாண்டுபோகும். இது அதன் இயற்கை. ஆய்ந்து தெரிந்துகொண்ட தியாகம் அன்று. நமக்குப் பாடம் கற்பிப்பதற்காக மட்டும் அது அங்கே கிடந்தது என்று கொள்வதும் அதனை நம் பயனுக்கு உட்படுத்துவதே ஆகும். விளக்கொளி அங்குச் சென்றிராவிடினும் அது அவ்வாறே காத்திருந்திருக்கும். அப்படியானால், மனிதன் உண்ணாத, காணாத, உவமையாகவும் எடுத்தாளாத ஓர் உயிருக்கு மதிப்பு உண்டா?

உண்டு என்பதே திருச்சபையின் மரபு தரும் விடை. புனித தோமா அக்குவினா தம் இறையியல் தொகுப்பில் இரண்டு கருத்துகளை நிறுவுகிறார். இறைவனின் நன்மைத்தனத்தை ஒரே படைப்பு நிறைவாகக் காட்ட இயலாது. ஆதலால் படைப்புகள் பலவாகவும் வெவ்வேறாகவும் அமைந்தன என்பது முதலாவது. பகுத்தறிவற்ற உயிர்களோடு நாம் நட்புக் கொள்ள இயலாதெனினும், இறைவனின் மகிமைக்காகவும் மனிதரின் பயனுக்காகவும் அவை நிலைத்திருக்க வேண்டுமென்று விரும்பலாம். அவ்வகையில் அவற்றையும் அன்புசெய்யலாம் என்பது இரண்டாவது. மனிதரின் பயன் இல்லாதவிடத்தும் இறைவனின் மகிமை எஞ்சுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' திருமடலும் உயிர்கள் தம்மளவிலேயே மதிப்புடையன என்று கற்பிக்கிறது.

இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. ஆழ்கடலின் தரையில் உருளைக்கிழங்கை ஒத்த உலோக உருண்டைகள் சிதறிக் கிடக்கின்றன. மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு ஆகியவை அவற்றில் உள்ளன. பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர் அளவே அவை வளர்கின்றன. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அவற்றை ஆராய்வதற்கு 2002இல் இந்தியா பன்னாட்டு ஒப்பந்தம் செய்தது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் 5,270 மீட்டர் ஆழத்தில் தன் அகழ்பொறியை இயக்கிச் சோதித்தது.

பெரு நாட்டுக்கு அப்பாலுள்ள ஆழத்தில் ஆய்வாளர் கண்டது 2016இல் வெளியாயிற்று. 4,000 மீட்டருக்கும் கீழே, இத்தகைய உருண்டைகளின்மேல் முளைத்து இறந்துபோன கடற்பஞ்சுகளின் காம்புகளில் ஆக்டோபஸ்கள் முட்டையிட்டுக் காத்திருந்தன. சேறு படர்ந்த அச்சமவெளியில் கடற்பஞ்சு பற்றி வளர்வதற்கு உறுதியான இடம் அவ்வுருண்டையே. உருண்டையை அள்ளினால் காம்பு இல்லை; காம்பு இல்லையேல் முட்டைக்கு இடமில்லை. அதே பெருங்கடற் பகுதியில் 1989இல் சோதனைக்காக உழப்பட்ட தடங்கள் 26 ஆண்டுகள் கழிந்தும் அழியாமல் இருந்தன.

மறுபக்க நியாயத்தையும் கேட்கவேண்டும். நிலக்கரியையும் டீசலையும் குறைக்க பேட்டரிகள் தேவை. பேட்டரிகளுக்கு இவ்வுலோகங்கள் பயன்படுகின்றன. நிலத்தில் தோண்டும் சுரங்கங்களால் காடுகளும் ஏழைகளின் குடியிருப்புகளும் அழிகின்றன. கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் துன்புறுவோர் வைத்திக்குப்பத்திலும் வீராம்பட்டினத்திலும் வாழும் நம் மீனவரே. ஏழையின் துயரத்தை ஆக்டோபசின் முட்டையோடு எடைபோட்டு, முட்டையே பெரிதென்று எவரும் சொல்லார். ஆனால் நம் முன் நிற்பது எப்போதும் ஏழையின் தேவைதானா? ஆண்டுக்கொரு கைப்பேசி மாற்றுவோரின் விருப்பமும் அத்தேவையின் பெயரையே சூடிக்கொள்கிறது. ஆகவே, பழைய பேட்டரியிலிருந்து உலோகத்தை மீட்டோமா, இருப்பதைக் கொண்டு நிறைவடைந்தோமா என்று முதலில் கேட்பதே நேர்மை. மீட்க இயலாத அழிவுக்கு முன்னால், காத்திருந்து ஆராய்வது விவேகம் என்னும் நற்பண்புக்கு உரியது.

துன்புற்ற யோபுவுக்கு இறைவன் விடையளிக்கும்போது, ஆழ்கடலின் அடியில் நீ உலவியதுண்டோ என்னும் பொருள்பட வினவுகிறார். அன்று யோபுவுக்கு விடை இல்லை. இன்று நம் பொறிகள் அங்கு உலவுகின்றன. எனினும் அவ்வினா நம்மைத் தாழ்மைக்கே அழைக்கிறது. ஞாயிறு திருப்பலியில் விசுவாச அறிக்கையைச் சொல்லும்போது, காண்பவற்றோடு காணாதவற்றையும் இறைவனே படைத்தார் என்று அறிக்கையிடுகிறோம். காணாதவை என்பதற்கு வானதூதரையே இறையியலார் முதற்பொருளாகக் கொள்வர். அச்சொல்லைச் சொல்லும் வேளையில், இருளில் தன் முட்டைகளைக் காத்துக் கிடக்கும் உயிரையும் நாம் ஒரு கணம் எண்ணிக்கொள்ளலாம்.