விளையாட்டில் கதை எதற்கு?



சென்ற ஞாயிறு பூசை முடிந்து வருகையில் கல்லூரியிற் படிக்கும் பையன் ஒருவன் என்னைக் கோவில் முற்றத்தில் மறித்து, "சாமி, வீடியோ கேமில் திருடினால் பாவமா?" என்றான். (பாவசங்கீர்த்தனத் தொட்டியிற் கேட்டிருந்தால் இதை எழுதியிரேன். முற்றத்திற் கேட்டது, அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன்.)

அவன் ஆடியது 'திஸ் வார் ஆஃப் மைன்'. போலந்து தேசத்து வார்சோ நகரில் செய்யப்பட்டு 2014-ல் வெளிவந்தது. 1992 முதல் 1996 வரை முற்றுகையிற் கிடந்த சாராயேவோ நகரத்தாரின் பாடுகளை மனதில் வைத்துச் செய்தது. ஆடுகிறவன் போர்வீரன் அல்ல. இடிந்த வீட்டில் ஒடுங்கிய சில குடிமக்களைப் பிழைக்க வைப்பதே அவன் வேலை. பகலில் துப்பாக்கிக்குப் பயந்து உள்ளே இருப்பார்கள். இரவில் ஒருவர் உணவும் மருந்தும் தேடிப் போவார். போகக்கூடிய இடங்களில் ஒன்று ஒரு வயோதிகத் தம்பதியின் வீடு. அவர்கள் எதிர்ப்பதில்லை. கிழவர் பின்னாலேயே வந்து, மனைவியின் மருந்தையாவது விட்டுவிடும்படி கெஞ்சுவார். பையன் எடுத்துக்கொண்டான். மறுபடி போனபோது இருவரும் இறந்து கிடந்தார்கள். "இரண்டு இரவு தூக்கமில்லை, சாமி" என்றான்.

விளையாட்டுக்குக் கதை அவசியமா என்பது பழைய வழக்கு. 1984-ல் மாஸ்கோவில் பிறந்த டெட்ரிஸில் கதையே கிடையாது. விழும் கட்டிகளை அடுக்குவதுதான், உலகமெல்லாம் ஆடிற்று. நம் ஆடுபுலி ஆட்டத்தில் வெட்டுண்ட ஆட்டுக்காக எவரும் அழுததில்லை, அழவும் வேண்டாம். ஆனால் எதிரே இருப்பதற்கு ஒரு மனித முகத்தையும், நோயாளி மனைவியையும் கொடுத்துவிட்டால் பிறகு கதை வெறும் அலங்காரமல்ல. நாத்தான் தீர்க்கதரிசி தாவீது இராஜாவைக் கண்டிக்க வந்தபோது முதலிற் சொன்னது ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைத்தானே? அங்கே இராஜா நியாயாதிபதியாக இருந்து கேட்டார். இங்கே பையன் திருடனாகவே நடந்தான்.

திருட்டுப் பாவம் இல்லை என்று அவனுக்குச் சொன்னேன். யாருடைய பொருளும் போகவில்லை. எனினும் எடுக்கலாம் என்று தீர்மானித்த மனம் பொம்மை மனமல்ல, அவன் மனமே. உயிர் போகும் அவசரத்தில் பிறர் பொருளை எடுப்பது திருட்டாகாது என்கிறார் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ். ஆனால் உடையவனும் அதே ஆபத்தில் இருந்தால் அந்த உரிமை இல்லையென்று வேதசாஸ்திரிகள் வரம்பு கட்டுகிறார்கள். செமினாரியில் நாங்கள் புத்தகத்திற் படித்ததை இவன் கிழவரின் படுக்கையறையிற் படித்திருக்கிறான்! 2020-ல் போலந்து அரசு இதை மேல்வகுப்பு மாணவரின் வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்ததும் இதனாலேயே போலும். (சிறு பிள்ளைகளுக்கு ஆகாது, பெற்றோர் கவனிக்க.)

கதையையே பெரிதாகப் புகழவும் எனக்கு மனமில்லை. அவன் சிநேகிதனும் அதே விளையாட்டைப் பலமுறை ஆடியவன். அவனுக்குக் கிழவர் மருந்துப் பெட்டிமேல் ஒட்டிய காகிதம் மாதிரி. எத்தனை மாத்திரை கிடைக்கும் என்பதே கணக்கு. கதை ஒன்றுதான்.

போகுமுன் பையன் இன்னொன்று கேட்டான். மறுபடி முதலிலிருந்து ஆடினானாம். கிழவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. மருந்தில்லாமல் தன் வீட்டு நோயாளி செத்துப்போனான். "அதற்கு நான் உத்தரவாதியா, சாமி?" நிழலில் உட்காரச் சொன்னேன். ஞானோபதேச மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். வருகிற ஞாயிறும் வருகிறேன் என்றிருக்கிறான்.