கடவுளுக்காகப் பொய் சொல்லலாமா?

கடவுள் மீதுள்ள பிரியத்தால் ஒருவர் பொய் சொன்னால், அது எந்தக் கணக்கில் சேரும்? பாவத்திலா, புண்ணியத்திலா? 'நல்ல காரியத்துக்குத்தானே!' என்று வாய் தானாகச் சொல்லும். அவசரப்படாதீர்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்று ஒரு சின்ன ஊர். உயிர்கள் கோடிக்கணக்கான வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்தன என்கிறதல்லவா டார்வினின் பரிணாமக் கொள்கை? அந்தப் பாடம் நடத்துவதற்கு முன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓர் அறிவிப்பை வாசிக்க வேண்டும் என்றது அந்த ஊர் அரசுப் பள்ளி நிர்வாகம். அதற்கு அடிப்படை, 2004 அக்டோபரில் போட்ட தீர்மானம். டார்வின் சொன்னதில் இடைவெளிகள் உண்டு. ஒரு பேரறிவு திட்டமிட்டு உயிர்களை அமைத்தது என்ற 'இன்டெலிஜென்ட் டிசைன்' விளக்கமும் உண்டு. அதற்குப் புத்தகமும் இருக்கிறது. இதுதான் அறிவிப்பின் சாரம்.

'இதில் என்ன தப்பு?' என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால், விஞ்ஞான ஆசிரியர்கள் வாசிக்க மறுத்துவிட்டார்கள். விஞ்ஞானம் அல்லாததை விஞ்ஞானம் என்று பிள்ளைகளிடம் சொல்ல அவர்களது தொழில் தர்மம் இடம் கொடுக்கவில்லை. அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்!

பெற்றோர் 11 பேர் கோர்ட் படியேறினார்கள். நாத்திகர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். குழந்தைகளுக்கு பைபிள் வகுப்பு எடுக்கும் தம்பதியும் அவர்களில் உண்டு. அவர்கள் தரப்பில் சாட்சி சொன்ன உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர், கத்தோலிக்க பக்தர்.

விசாரணையில் அந்தப் புத்தகத்தின் கதை வெளியே வந்தது. பழைய கையெழுத்துப் பிரதிகளில் 'படைப்பு' என்றே இருந்திருக்கிறது. படைப்புக் கொள்கையை அரசுப் பள்ளியில் விஞ்ஞானமாகக் கற்பிக்கக் கூடாது என்று 1987-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னதும், அந்த வார்த்தை இருந்த இடங்களில் 'டிசைன்' வந்து உட்கார்ந்துகொண்டது. அதே பொடி, டப்பாவில் மட்டும் புது லேபிள்!

பள்ளிக்கு 60 பிரதிகள் அன்பளிப்பாக வந்தன. யார் பணம்? நிர்வாகக் குழுவில் இருவர், சத்தியம் செய்துவிட்டு, 'தெரியாது' என்றார்கள். பிறகு தெரிந்தது... ஒருவர் தன் சர்ச்சிலேயே வசூல் செய்து, மற்றவரின் தகப்பனாரிடம் செக்காகச் சேர்த்திருக்கிறார்.

2005 டிசம்பர் 20-ல் தீர்ப்பு. அதிபர் புஷ் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், இது விஞ்ஞானம் அல்ல, விஞ்ஞான வகுப்பில் இதற்கு இடமில்லை என்றார். தங்கள் மத நம்பிக்கையை ஊரறியப் பெருமையாகச் சொன்னவர்களே பொய் சொன்னார்கள் என்றும் எழுதிவைத்தார்.

எனக்கு அந்த இருவர் மேல் கோபத்தைவிட வருத்தமே அதிகம். பிள்ளைகள் கடவுளை மறந்துவிடக் கூடாதே என்ற தவிப்பு நிஜமானது. அந்தத் தவிப்பு நமக்கும் உண்டு. அதை வீட்டில் சொல்லலாம், சர்ச்சில் சொல்லலாம். யார் தடுத்தார்கள்? வேறு பெயர் சூட்டி, வகுப்பறைக்குள் ஒளித்துக் கொண்டுபோனதில்தான் பொய் ஒட்டிக்கொண்டது. ஒன்றை மறைக்க இன்னொன்று. கடைசியில், சாட்சிக் கூண்டு வரை!

தீர்ப்புக்கு முன்பே, 2005 நவம்பர் தேர்தலில் ஊர்க்காரர்கள் பழைய நிர்வாகிகள் எட்டுப் பேரின் இடத்துக்குப் புதியவர்களை அனுப்பிவிட்டார்கள். எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாகப் பள்ளி நிர்வாகம் கொடுத்தது சுமார் 10 லட்சம் டாலர். பிள்ளைகளின் படிப்புக்கென்று இருந்த பணம்.