கை அறிந்த கருவிகள்

பார்வை குறைந்தவர்களுக்கான உதவிகள் பெரும்பாலும் நினைவை நம்பியிருக்கின்றன. இந்தப் பொத்தானை அழுத்தினால் கடிகாரம் மணி சொல்லும், இரண்டு முறை தட்டினால் போன் பேசும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மறதிநோய்க்கான உதவிகளோ கண்ணை நம்பியிருக்கின்றன: கதவில் ஒட்டிய சீட்டு, டப்பா மேல் படம், பெரிய எழுத்து நாட்காட்டி. இரண்டு குறையும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால், ஒன்றுக்குச் சொன்ன வழி மற்றதில் முட்டி நிற்கிறது. அலமாரியில் ஒட்டிய சீட்டை அம்மாவால் படிக்க முடியாது. பேசும் கடிகாரத்தின் பொத்தான் எது என்பது அவள் மனதில் நிற்காது.

மிஞ்சியிருப்பது கை. அம்மாவுக்கென்று எதை வாங்கப் போனாலும் அந்தக் கையை நினைத்துக்கொண்டுதான் கடைப்படி ஏறுகிறேன்.

*

நினைவு மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இருபுறமும் ஹிப்போகேம்பஸ் பகுதியைப் பெருமளவு அகற்றினார்கள். அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரத்தின் மேல் கோடு இழுக்க அவருக்குப் பயிற்சி கொடுத்தார். முந்தைய நாள் அதைச் செய்த ஞாபகம் மொலைசனுக்குத் துளியும் இல்லை. ஆனால் கோடு நாளுக்கு நாள் நேராகிக்கொண்டே வந்தது.

அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே கைவைப்பதும் ஹிப்போகேம்பஸ் பக்கம்தான். கைப்பழக்கத்தின் வீடு வேறு என்பதால் அது நெடுநாள் தாக்குப்பிடிக்கிறது. அம்மாவுக்கு இன்று என்ன கிழமை என்று தெரியாது; பூவைக் கொடுத்தால் விரல்கள் தானாகக் கட்டுகின்றன. ‘முதியோருக்கானது, மிக எளிது’ என்று கடைக்காரர் எடுத்துக் காட்டும் புதுக் கருவியை விட, நாற்பது வருடமாகத் திருகிய பழைய குமிழ் அவளுக்கு எளிது.

*

மின்விசிறி மாற்ற வேண்டியிருந்தது. இப்போது வரும் பிஎல்டிசி விசிறிகள் பழையதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் ஓடுகின்றன. கடையில் காட்டியவை ரிமோட்டோடு வந்தன. ரிமோட் ஒரு இடத்தில் இருக்காது. இருந்தாலும் அதன் பொத்தான்கள் விரலுக்கு எல்லாம் ஒன்றுபோலவே படும். சுவரில் அதே இடத்தில், ‘டக் டக்’ என்று படிப்படியாகத் திரும்பும் வட்ட ரெகுலேட்டர் உள்ள சாதாரண விசிறியையே வாங்கினேன். மின்கட்டணம் கொஞ்சம் கூடும். அம்மா தனக்கு வேண்டிய காற்றைத் தானே வைத்துக்கொள்கிறாள்.

விசிறி சுற்றுகிறதா என்பதை மேலே பார்த்து அவளால் அறிய முடியாது. ஸ்விட்ச் கீழே சாய்ந்திருந்தால் போட்டிருக்கிறது, மேலே சாய்ந்திருந்தால் அணைத்திருக்கிறது என்று விரல் சொல்லிவிடும். தொடுதிரைப் பலகைகளில் இந்தச் சாய்வு கிடையாது.

*

அம்மாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. நேராகப் பார்க்கும் பொருள்தான் மறையும். ஓரப் பார்வை மிச்சம் இருக்கிறது. ஓரப் பார்வையில் எழுத்து பிடிபடாது, அடர்ந்த நிறமும் வெளிர் நிறமும் சந்திக்கும் எல்லை பிடிபடும். வெள்ளைச் சுவரில் வெள்ளை ஸ்விட்ச் பலகை அவளுக்கு வெறும் சுவர். பலகையைச் சுற்றி விரல் அகலத்துக்குக் கருநீலப் பெயின்ட் அடித்தேன். விசிறி ஸ்விட்சின் மேல் வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று. கை அந்த மெத்தென்ற பரப்பைத் தேடிப் போகிறது.

தட்டும் இதே கதைதான். 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைத் தட்டுக்குப் பதில் அடர்சிவப்புத் தட்டில் உணவு கொடுத்தது. கலந்துகொண்டவர்கள் மிகச் சிலரே. ஆனால் சாப்பிட்ட அளவு ஏறத்தாழ கால் பங்கு கூடியது. வெள்ளைத் தட்டில் தயிர்சாதம் கண்ணுக்கு அகப்படாது. பளபளக்கும் எவர்சில்வரில் குழல்விளக்கின் ஒளி விழுந்து இட்லியை மறைத்துவிடும். வாழை இலை போட்ட அன்று அம்மா கூடுதலாகச் சாப்பிடுவதை முன்பெல்லாம் ருசி என்று எண்ணியிருந்தேன். பச்சை மேல் வெள்ளைச் சோறு, எல்லை தெளிவாகத் தெரிகிறது.

வாசலில் கிடந்த கறுப்பு மிதியடியை எடுத்துவிட்டேன். எனக்கு அது துணி. அவளுக்கு அது பள்ளம்.

*

பிரஷர் குக்கருக்கு விசில் எண்ண வேண்டும். எண்ணுவது நினைவின் வேலை.

ரைஸ் குக்கர் தானே முடித்துக்கொள்கிறது. தோஷிபா நிறுவனம் 1955இல் ஜப்பானில் தானாக அணையும் மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் கடைகளில் கிடைக்கும் ஒற்றை நெம்புகோல் குக்கரின் அடியில் ஒரு சிறு காந்தப் பூட்டு இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை பானையின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அரிசி நீரை உறிஞ்சி முடித்ததும் சூடு ஏறும்; சற்று ஏறியதுமே அந்தப் பூட்டு காந்தத்தன்மையை இழக்கும்; ஸ்பிரிங் விடுபட்டு நெம்புகோல் மேலே எழும்பும். சோறு வெந்ததை யாரும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ‘டக்’ என்ற சத்தம் கூடத்துக்கே கேட்கும்.

ஒரு கவனம் வேண்டும். உள்பானை இல்லாமலே அரிசியையும் தண்ணீரையும் குக்கருக்குள் கொட்டிவிட வாய்ப்புண்டு. அதனால் அளந்து வைப்பது நான். நெம்புகோலை அழுத்துவது அம்மா.

*

சமையல் வாயுவுக்கு இயல்பில் வாசனை இல்லை. கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். மறதிநோய் பலருக்கு மோப்ப சக்தியையும் முன்கூட்டியே மங்கச் செய்கிறது. ஆக அம்மாவுக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேர்வது நிச்சயமில்லை. தீ அணைந்தால் வாயுவை நிறுத்தும் அடுப்புகள் உண்டு. பால் சுண்டிப் பாத்திரம் கருகுவதை அவை தடுக்காது. சிலிண்டர் ரெகுலேட்டரை மூடாமல் நான் வெளியே போவதில்லை.

எலெக்ட்ரிக் கெட்டில் நல்ல கருவி. நீர் கொதித்ததும் ஆவி உள்ளே ஒரு தகட்டைச் சுடவைத்து ஸ்விட்சைத் தட்டிவிடுகிறது. ஆனால் அதற்குக் கைப்பிடி இருக்கிறது, மூக்கு இருக்கிறது, உள்ளே தண்ணீர் இருக்கிறது. அப்படிப்பட்ட பாத்திரத்தை எங்கே வைப்பது என்று அம்மாவின் கைக்கு நன்றாகத் தெரியும்: எரியும் பர்னர் மேல். பிளாஸ்டிக் உருகும். பழைய கை புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொள்கிறது; கருவிதான் பாத்திரத்தின் வேஷம் போடுகிறது. அம்மா புழங்கும் சமையலறையில் கேஸ் அடுப்பும் கெட்டிலும் சேர்ந்து இருக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி.

*

பேசும் ஸ்பீக்கர் வாங்கச் சொன்னார்கள். கேட்டால் பாடும், மணி சொல்லும். ஆள் தெரியாத குரல் கூடத்தில் பேசினால், யார் வந்திருக்கிறார்கள் என்று அம்மா எழுந்து தேடுவாள். ஏற்கெனவே சாயங்காலங்களில் அவள் கூடத்தில் சிறுபிள்ளைகளைப் பார்க்கிறாள். பார்வை இழந்தவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவதை ஜெனீவாவின் சார்ல் போனே தன் தாத்தாவை வைத்து 1760லேயே எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் மறதிநோயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்னார். மங்கிய வெளிச்சத்தில் அது கூடும் என்றும் சொன்னார். இருட்டும் முன்பே பெரிய விளக்கு எரிகிறது.

குரல் வேண்டுமென்றால் ரேடியோ இருக்கிறது. வானொலிப் பெட்டிக்குள் ஆள் இல்லை என்பதை அம்மா சிறுவயதிலேயே கற்றுக்கொண்டவள். அலைவரிசைக் குமிழை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். ஒலிக் குமிழ் மட்டும் திரும்பும்.

*

2011க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லா மிக்சி இன்னும் ஓடுகிறது. குமிழைத் திருகக் கை மறக்கவில்லை. ஆனால் பிளேடு இருக்கும் ஜார் என்னிடம். துவைக்கும் இயந்திரத்தின் பொத்தான்கள் எனக்கு. துணியை உதறிக் கொடியில் போடுவது அவளுக்கு. பூண்டு உரிப்பதற்கும் சின்ன வெங்காயம் உரிப்பதற்கும் எந்தக் கருவியும் வாங்கப் போவதில்லை.

பொத்தான் எத்தனை என்று இப்போது எண்ணுவதில்லை. இந்த அசைவு அவள் கைக்கு முன்பே தெரிந்ததா? போட்டிருப்பதும் அணைந்திருப்பதும் தொட்டால் தெரியுமா? மறந்துவிட்டால் தானே நிற்குமா? வேறொரு பொருளின் சாயலில் வந்து ஏமாற்றுமா? இவற்றைத் தாண்டிய பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. எல்லாவற்றையும் தானே செய்துகொள்ளும் கருவிகளால் வீட்டை நிரப்பினால் ஆபத்து குறையும். அம்மா நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இதில் அவள் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நெம்புகோலை அழுத்துவதாவது இருந்தால்தான் பணத்தை எடுக்கிறேன்.