தலைமைக்குரியார் யார்? எம்பெருமானார் பயின்ற பாடம்



உத்ஸவ காலத்தில் எந்தத் திருக்கோயிலிலும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. எம்பெருமான் வாகனத்தில் எழுந்தருளியிருப்பான். ஸ்ரீபாதம் தாங்குவோரின் தோள் காய்த்துப் போயிருக்கும். தீவட்டி பிடிப்பவர் கண்ணில் புகை கரிக்கும். திருமடைப்பள்ளியில் இரவெல்லாம் கண் விழித்தவர், திருவீதிப் புறப்பாட்டை ஸேவிக்கவும் இயலாமல் அடுத்த தளிகைக்கு அரிசி களைந்துகொண்டிருப்பார். இவர்களில் எவரும் தம் பெயரைச் சொல்லி அழைக்கவில்லையே என்று குறைப்பட்டுக் கொள்வதில்லை. முதல் தீர்த்தம் யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்னும் வழக்கு மட்டும் ஆண்டுதோறும் எழுகிறது. சில ஊர்களில் அது நியாயஸ்தலத்தின் படியும் ஏறியிருக்கிறது. தலைமை என்பது மரியாதை பெறும் இடம் என்று எண்ணும் வரையில் அவ்வழக்குக்கு முடிவு ஏது?

கைங்கர்ய சபைகளிலும் உபய நிர்வாகத்திலும் ஆர்வத்தோடு பொறுப்பேற்க முன்வரும் இளைஞர்கள் இன்று பலர். அவர்கள் கணக்கு வைக்கக் கற்கிறார்கள். மேடையில் பேசக் கற்கிறார்கள். பத்துப் பேரை ஏவி வேலை வாங்கவும் கற்கிறார்கள். இவையும் வேண்டியவையே. ஆனால் ஸ்ரீவைஷ்ணவ தர்சனத்துக்கே தலைவராய், திருவரங்கப் பெரிய கோயிலின் நிர்வாகத்தையும் திருத்தியமைத்த உடையவர் முதலில் எதைக் கற்றார் என்று பார்த்தால் வேறொரு பாடம் தென்படுகிறது.

1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இளையாழ்வார், யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் வாசித்தார். ஆசிரியர் சொன்ன பொருள் பொருந்தாதபோது, பொருந்தவில்லை என்று பணிவோடு விண்ணப்பித்தார். அதன் பலன் யாது? அந்த ஆசிரியரின் உள்ளத்தில் பகை மூண்டது. சிஷ்யனின் உயிருக்கே தீங்கு சூழப்பட்டது. விந்தியக் காட்டில் வேடனும் வேடுவிச்சியுமாய் வந்து பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும் அவரைக் காஞ்சிக்கு அழைத்து வந்தனர் என்று குருபரம்பரை கூறுகிறது. மெய்யைச் சொன்ன சிஷ்யனை ஓர் ஆசிரியர் எவ்வாறு நடத்தலாகாது என்பதை இளையாழ்வார் தம் உயிரைப் பணயம் வைத்துக் கற்றார். இந்தச் செய்தியை அன்பர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும்; பின்னால் இதற்கு வேலை உண்டு.

காஞ்சி திரும்பியவர் செய்த முதற் காரியம், திருக்கச்சி நம்பிகளின் சொற்படி, சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் பேரருளாளனுக்குத் தீர்த்தம் சுமந்ததே. சாஸ்த்ரத்தில் ஆசிரியரையே திருத்த வல்லவர், குடம் சுமக்கும் கைங்கர்யத்தில் அமர்ந்தார். அந்தணரல்லாத குலத்தில் பிறந்த நம்பிகளையே ஆசார்யராகப் பெற விரும்பினார் என்பதும் பிரஸித்தம்.

பின்னர் ஆளவந்தாரின் சரம திருமேனியைத் தரிசித்தபோது மடங்கியிருந்த மூன்று விரல்களைக் கண்டு, அவருடைய மூன்று மனோரதங்களையும் நிறைவேற்றுவதாக ப்ரதிஜ்ஞை செய்தார். ப்ரஹ்ம ஸூத்ரங்களுக்கு பாஷ்யம் இடுவது ஒன்று. வ்யாஸ பராசரர்களிடத்து நன்றி தோன்ற அவர்கள் திருநாமத்தை விளங்கச் செய்வது ஒன்று. நம்மாழ்வாரின் திருவாய்மொழியை உலகறியச் செய்வது ஒன்று. மதுராந்தகத்தில் மகிழ மரத்தடியில் பெரிய நம்பிகள் அவருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளினார்.

திருவரங்கத்தில் தர்சனத்தின் பொறுப்பு தம்மிடம் வந்த பிறகும் உடையவர் மாணவராகவே இருந்தார் என்பது இங்கே கருதத் தக்கது. ஆளவந்தாரின் சிஷ்யர்கள் ஐவரிடமும் சென்று அர்த்தங்களைப் பெற்றார். ஸந்யாஸாச்ரமம் ஏற்று, பலர் வந்து திருவடி பணியும் நிலையில் இருந்தவர், திருவரங்கத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் நம்பிகள் திருப்பி அனுப்பினார். பதினெட்டாம் முறைதான் சரமச்லோகத்தின் பொருள் கிடைத்தது. பெற்ற பொருளை, தமக்கு நரகமே வந்தாலும் வரட்டும் என்று ஆசையுடையார்க்கெல்லாம் வழங்கியதும், அதுகண்டு நம்பிகள் "எம்பெருமானார்" என்று கொண்டாடியதும் குழந்தைகளும் அறிந்த கதை. கோபுரத்தில் ஏறியதைச் சொற்பொழிவுகளில் சொல்லாதவர் இல்லை. பதினெட்டு நடையை ஒரு வாக்கியத்தில் கடந்து போய்விடுகிறார்கள்! நடக்காத கால்களுக்குக் கோபுரத்தின் படி எங்கே தெரியப் போகிறது?

திருவரங்கப்பெருமாள் அரையரிடம் ஆறு மாதம் பாலைப் பதமாகக் காய்ச்சிக் கொடுத்தும், மஞ்சள் காப்பு அரைத்துக் கொடுத்தும் பணி செய்தார். ஒரு நாள் அரையரின் திருமுகத்தில் மலர்ச்சி குன்றியிருக்கக் கண்டு, இட்ட காப்பைக் களைந்து மறுபடி அரைத்தார். சொல்லாமலே பிறர் குறிப்பை அறியும் திறம் எந்த ஏட்டிலிருந்தும் வருவதன்று. திருமலை அடிவாரத்தில் பெரிய திருமலை நம்பிகளிடம் ஓராண்டு ஸ்ரீராமாயணம் கேட்டார். அந்நாட்களில் அவர் திருமலை ஏற வந்தபோது, வயது முதிர்ந்த நம்பிகள் தாமே ப்ரஸாதங்களை எடுத்துக்கொண்டு எதிரே எழுந்தருளினார். சிறியவர் ஒருவரை அனுப்பியிருக்கலாகாதா என்று உடையவர் நைந்து கேட்க, திருமலையெங்கும் தேடியும் தம்மினும் சிறியவர் அகப்படவில்லை என்றார் நம்பிகள். அந்த விடைக்கு ஓராண்டுப் பாடம் முழுவதும் ஈடாகுமா என்பதே சந்தேகம்.

ஐவரில் ஒருவரான திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டபோது ஒரு சோதனை வந்தது. ஆண்டான் சொன்ன பொருளோடு, உடையவர் தம் திருவுள்ளத்தில் பட்ட வேறு பொருளையும் விண்ணப்பித்தார். ஆளவந்தாரிடம் கேளாத பொருள் என்று ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார். யாதவப்ரகாசரிடம் நேர்ந்தது மறுபடியும் நேர்ந்துவிடுமோ என்று தோன்றுகிறதல்லவா? திருக்கோஷ்டியூர் நம்பிகள் நேரில் எழுந்தருளி, அப்பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று சொல்லி, ஸாந்தீபினியிடம் கண்ணன் கற்றதுபோலவே இவர் உம்மிடம் கற்கிறார் என்று தெளிவித்தார். ஆண்டான் பாடத்தைத் தொடர்ந்தார். மாற்றுரை சொன்ன மாணவனிடம் ஓர் ஆசிரியர் மனம் திரும்ப முடியும் என்பதையும் உடையவர் கண்டார்.

கோயில் நிர்வாகத்தைப் பற்றி விரிப்பின் பெருகும். கைங்கர்யபரர்களைப் பத்துக் கொத்தாக அவர் வகுத்ததைக் கோயிலொழுகு சொல்கிறது. அந்நாளில் கோயில் திறவுகோல் பெரிய கோயில் நம்பியிடம் இருந்தது. உடையவரின் திருத்தங்களுக்கு அவர் எளிதில் இசையவில்லை. அவரை விலக்கிவிட்டுக் காரியம் பார்த்திருக்கலாம். நெடுங்காலம் பணிசெய்தவரை விலக்குவது எம்பெருமான் திருவுள்ளம் அன்று என்று அறிந்து, கூரத்தாழ்வானைக் கொண்டு அவரை அன்பால் வசப்படுத்தினார். அவரே பின்னர் திருவரங்கத்தமுதனார் ஆனார். இராமாநுச நூற்றந்தாதி பாடினார். எதிர்த்து நின்றவரின் வாயிலிருந்தே நூற்றெட்டுப் பாசுரம் வந்தது.

தாம் கற்ற பாடத்தையே அவர் தம்மைச் சார்ந்தவர்க்கும் வைத்தார். முதலியாண்டான் உடையவரின் மருமகன், மஹா வித்வான், கோயில் காரியங்களில் அவருக்கு வலக்கையாய் இருந்தவர். ஒரு நாள் பெரிய நம்பிகளின் திருக்குமாரத்தி அத்துழாய், புக்ககத்தில் தண்ணீர் கொண்டுவரத் துணையின்றி அஞ்சியதைச் சொன்னாள். சீதன வெள்ளாட்டியைப் பிறந்தகத்திலிருந்து அழைத்து வரச்சொல்லி மாமியார் இடித்துரைத்தாளாம். நம்பிகள் அவளை உடையவரிடம் அனுப்பினார். உடையவர் அருகிலிருந்த முதலியாண்டானைச் சுட்டி, இவனை அழைத்துப் போ என்றார். ஆண்டான் ஒரு சொல் மறுக்கவில்லை. அந்தக் கிருஹத்தில் தண்ணீர் சுமந்தார், தளிகை செய்தார். பல நாள் கழித்து, அங்கே வந்த ஒருவர் வேதாந்தப் பொருளைப் பிழைபடச் சொல்லக் கேட்டு, சமையற்கட்டிலிருந்தவர் அதைத் திருத்தினார். வீட்டார் திடுக்கிட்டு, இன்னார் என்று அறிந்து, உடையவரிடம் ஓடிவந்து மன்னிப்பு வேண்டினர். ஆண்டானை அங்கே அனுப்பியது தண்டனையன்று. குலம், கல்வி, செல்வாக்கு என்னும் மூன்று செருக்கும் தீராதவர் கையில் கோயில் சாவி பாதுகாப்பாய் இராது என்பதை உடையவர் நன்கறிவார்.

இனி, ஸ்ரீபாஷ்யம் எழுந்த கதைக்கு வருவோம். ஆளவந்தாரின் முதல் மனோரதம் நிறைவேற வேண்டிய காலம் அது. உடையவர் அருளிச்செய்ய, கூரத்தாழ்வான் ஏட்டில் எழுதி வந்தார். தொடங்கும்போதே உடையவர் ஒரு நிபந்தனை இட்டிருந்தார். தாம் சொல்வது பொருந்தவில்லை என்று தோன்றினால் ஆழ்வான் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும். வாயால் மறுத்துப் பேச வேண்டியதில்லை. எழுத்தாணி நின்றாலே போதும்.

ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தை நிர்ணயிக்கும் இடம் வந்தது. அறிவையுடையவன் என்னும் அளவோடு உடையவரின் வாக்கு நின்றது. எம்பெருமானுக்கே உரியவன் என்னும் சேஷத்வம் அங்கே சொல்லப்படவில்லை. அறிவைவிட அடிமையன்றோ ஆத்மாவுக்கு உயிரான இலக்கணம்? ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. உடையவர் மீண்டும் சொன்னார், எழுத்தாணி அசையவில்லை. அப்போது உடையவருக்குக் கோபம் வந்தது. அப்படியானால் பாஷ்யத்தை நீரே இட்டுக்கொள்ளும் என்று சினந்து எழுந்து போனார். திருவடியால் தள்ளினார் என்றும் பெரியோர் சொல்வர். மஹான்களின் சரித்திரத்தில் இப்படிப்பட்ட இடங்களை மறைக்காமல் எழுதிவைத்த பூர்வாசார்யர்களின் நேர்மை போற்றத் தக்கது.

அருகிலிருந்தவர்கள் ஆழ்வானிடம் இனி என்ன செய்வீர் என்று கேட்டனர். உடைமையை உடையவன் என்ன செய்தாலும் அவனுக்கு உரிமையுண்டு. இதில் தமக்குச் செய்ய யாதொன்றும் இல்லை என்றார் ஆழ்வான். கவனிக்க வேண்டும்: அவர் கோபித்துக்கொண்டு மடத்தை விட்டுப் போகவில்லை; மன்னிப்புக் கேட்டு எழுதவும் தொடங்கவில்லை. எழுதாத ஓலை எழுதாமலே இருந்தது. பணிவு வேறு, இச்சகம் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? உடையவர் தனித்திருந்து சிந்தித்தார். தாம் சொல்லாது விட்டது எது என்பது விளங்கிற்று. ஆழ்வானை அழைத்து, அவர் பக்கமே மெய் என்று ஏற்று, பாஷ்யத்தைத் திருத்தி மேலே நடத்தினார்.

காஞ்சியில் ஒரு மாணவன் ஆசிரியரைத் திருத்தியபோது பகை விளைந்தது. திருவரங்கத்தில் ஒரு மாணவன் ஆசிரியரை நிறுத்தியபோது ஸ்ரீபாஷ்யம் விளைந்தது. இடையில் நடந்தவை என்ன? குடம் சுமந்த நாட்கள், பதினெட்டு நடை, மஞ்சள் அரைத்த ஆறு மாதம். கோபம் உடையவருக்கும் வந்ததுதான். ஆனால் அது ஒரு பொழுதுக்கு மேல் தங்க இடமில்லாதபடி அந்நாட்கள் அவரைப் பக்குவப்படுத்தியிருந்தன. ஒரு சபைக்குத் தலைவராகும் அன்பர், தம்மைச் சுற்றி எழுத்தாணியை நிறுத்தக்கூடியவர் எவரேனும் உளரா என்று தேடிப் பார்க்கட்டும். ஒருவரும் இல்லையென்றால், அத்தகையவர் அங்கே வராமல் இருந்தாரா, வந்தும் தங்க முடியாமல் போனாரா என்று விசாரிக்கட்டும்.

அந்த எழுத்தாணியை நிறுத்திய கை பிறகு செய்ததையும் சொல்லியாக வேண்டும். சோழ அரசனால் இடர் வந்து, உடையவரை அழைத்துவர ஆட்கள் மடத்துக்கு வந்தபோது, ஆழ்வான் உடையவரின் காஷாயத்தைத் தாம் உடுத்து, திரிதண்டத்தை ஏந்தி, தாமே ராமாநுஜன் என்று சபைக்குச் சென்றார். முதியவரான பெரிய நம்பிகளும் உடன் சென்றார். உடையவர் வெள்ளை வஸ்த்ரம் தரித்து மேல்நாடு எழுந்தருளினார். ஆழ்வான் கண்களை இழந்தார். பெரிய நம்பிகள் கண்ணோடு உயிரையும் இழந்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. தலைவரின் சொல்லுக்கு எழுதமாட்டேன் என்று நின்றவர் எவரோ, அவரே தலைவரின் இடத்தில் போய் நின்றார். எதற்கும் தலையாட்டுகிறவர்கள் அன்று எங்கிருந்தார்கள் என்பதைப் பற்றி நூல்களில் பேச்சில்லை.

மேல்நாட்டில் திருநாராயணபுரத்தை நிலைநிறுத்தி, பல்லாண்டுகள் கழித்து உடையவர் திருவரங்கம் திரும்பியபோது, கண்ணிழந்த ஆழ்வானைத் தழுவிக்கொண்டு கண்ணீர் விட்டார். ஆழ்வானுடைய திருக்குமாரருக்குப் பராசரர் என்று திருநாமம் சாற்றியவரும் அவரே. ஆளவந்தாருக்குச் செய்த ப்ரதிஜ்ஞைகளில் ஒன்று அங்ஙனம் நிறைவேறியது. அக்குழந்தை உடையவரின் கண்பார்வையிலேயே வளர்ந்தது. உடையவருக்கும் எம்பாருக்கும் பின்னர் தர்சன நிர்வாஹம், எழுத்தாணியை நிறுத்தியவரின் பிள்ளையாகிய அந்தப் பராசர பட்டரிடம் வந்து சேர்ந்தது.